கொரங்காடு: ஏர் படாத நிலத்தின் செல்வம்

அரியாங்குப்பத்திலிருந்து பாகூர் செல்லும் வழியெங்கும் நெல்லும் கரும்பும் பசுமை காட்டி நிற்க, இடையிடையே பயிரின்றிப் புல் மண்டிக் கிடக்கும் நிலத்தைக் காணும் நாம், அது எவருக்கும் உதவாத தரிசு என்றே எண்ணிக் கடந்து போகிறோம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அறிய விரும்புவோர், கொங்கு நாட்டில் காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களின் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் கொரங்காடுகளைப் பார்க்க வேண்டும்.

கொரங்காடு அரசாங்கத்தின் வனமன்று, ஊர்ப் புறம்போக்குமன்று, குடும்பங்களுக்குச் சொந்தமான பட்டா நிலம். உழுது பயிரிடும் உரிமை இருந்தும், மழை அரிதான அப்பிரதேசத்தில் தம் ஆடுமாடுகள் பிழைக்க வேண்டுமென்று, உடையவர்களே மனமுவந்து அதனை மேய்ச்சலுக்கு விட்டுவைத்தார்கள். கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், முள்கிளுவை வேலி என்னும் மூன்றும் சேர்ந்ததே கொரங்காடு. கோடையில் காய்ந்து சருகானாலும் வேர் மடியாமல், ஒரு மழை கண்டதும் தளிர்ப்பது அந்தப் புல். புல் தீர்ந்த காலத்தில் காய்களை உதிர்த்துக் கால்நடையின் பசியாற்றுவது வெள்வேல். நட்ட கொம்பே வேர்பிடித்து உயிர்வேலியாய் நிற்பது கிளுவை. நிலத்தைப் பல அடைப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றொன்றை ஓய்வாக விடுவதால், புல் மீண்டும் தழைக்க அவகாசம் கிடைக்கிறது. புகழ்பெற்ற காங்கயம் மாட்டினம் இந்த மேய்ச்சலில் வளர்ந்ததே. மனிதன் தன் மாட்டுக்காகக் காத்த இடத்தில் கௌதாரியும் காடையும் முயலும் கீரியும் தாமாகவே அடைக்கலம் பெற்றன.

புல்வெளியை அழித்தால் விளைவது என்ன என்பதற்கு வட அமெரிக்காவின் சரித்திரம் சாட்சி. அங்கே பிரெய்ரி எனப்படும் மகத்தான புல்வெளிகள் பெரும்பாலும் உழப்பட்டு, 1930-களில் வறட்சியும் வந்து சேர, வேர்ப்பிடிப்பு இழந்த மண் புழுதிப் புயலாய் எழுந்து எண்ணற்ற குடும்பங்களை ஊரைவிட்டு ஓடச் செய்தது. நம் நாட்டிலோ, புல்வெளியை நம்பி வாழும் கானமயில் இன்று 200-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. கொரங்காடுகளும் வீட்டுமனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவருகின்றன. நிலத்தின் விலை ஏறும்போது புல்லின் மதிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆயினும், தாமாக முன்வந்து காப்போருக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 1972-ஆம் ஆண்டின் வனஜீவராசிப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டு செய்த திருத்தம், ஒரு சமூகமோ தனிமனிதரோ விரும்பி முன்வந்தால், அவர்களுடைய நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க வழி செய்தது. திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூரில், கோயிற் சூழலில் கூடு கட்டும் பறவைகளை ஊரார் காத்து வந்தமையால், அவ்விடம் அதே திருத்தத்தின்கீழ் 2005-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊராரின் விருப்பத்தையும் அரசின் ஆதரவையும் ஒருசேர இணைப்பதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

ஆகவே, நிலம் உடைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாகூரிலோ வில்லியனூரிலோ உங்கள் வயலோரத்தில் பயிருக்கு உதவாத ஒரு மூலை இருக்குமாயின், அதனைத் தரிசென்று இகழாமல், கிளுவைக் கொம்பை நட்டு வேலியிட்டு, புல்லுக்கும் பறவைக்கும் விட்டுக்கொடுங்கள். நிலத்தின் உரிமை உங்களிடமே இருக்கும். அதன் பயனை உங்கள் கால்நடைகளோடு பல ஜீவன்களும் பகிர்ந்துகொள்ளும்.