வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை நோய் வராதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ப்ரீ டயாபட்டீஸ்' என்று வந்துவிட்டால் பலருக்கும் பதற்றம்தான். வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று யாராவது சொன்னால், உடனே மெடிக்கலுக்கு ஓடத் தோன்றும். அது உண்மையா?

ப்ரீ டயாபட்டீஸ் என்றால் என்ன?

வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 100 முதல் 125 வரை, அல்லது 3 மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் ப்ரீ டயாபட்டீஸ். அதாவது சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் இந்த நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி பேர்.

வைட்டமின் டி-க்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?

இன்சுலினைச் சுரக்கும் கணைய செல்கள் வைட்டமின் டி-யையும் பயன்படுத்துகின்றன. வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு சர்க்கரை நோய் அதிகம் வருவதும் தெரியவந்தது. ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள், வெயிலில் நடமாடாதவர்களுக்கும் இந்த வைட்டமின் குறையும். அப்போ காரணம் எது? அதைக் கண்டறியத்தான் ஆய்வுகள் நடந்தன.

ஆய்வு முடிவு என்ன?

அமெரிக்காவில் ப்ரீ டயாபட்டீஸ் உள்ள 2,423 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 2019-ல் முடிவு வந்தது. சுமார் இரண்டரை ஆண்டுகளில் வைட்டமின் டி எடுத்தவர்களில் 293 பேருக்கும், எடுக்காதவர்களில் 323 பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் பலன் நிரூபணமாகவில்லை.

இத்தோடு நார்வே, ஜப்பான் ஆய்வுகளையும் சேர்த்து 2023-ல் அலசியபோது ஆபத்து 15% குறைவது தெரிந்தது. புரியும்படி சொன்னால், 30 பேர் 3 ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு சர்க்கரை நோய் தடுக்கப்படும். பலன் இருக்கு, ஆனா சின்னது.

நடைப்பயிற்சியோடு ஒப்பிட்டால்?

உணவுக் கட்டுப்பாடு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, எடைக் குறைப்பு ஆகியவற்றால் ஆபத்து 58% குறைந்தது என்று 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சென்னையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்விலும் வாழ்க்கை முறை மாற்றத்தால் 28.5% குறைந்தது. ஆக, மாத்திரை போட்டுவிட்டோமே என்று நடப்பதை நிறுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

அப்போ மாத்திரையே வேண்டாமா?

அப்படியில்லை. ஆபத்து அதிகமுள்ள ப்ரீ டயாபட்டீஸ்காரர்கள் வாழ்க்கை முறை மாற்றத்துடன் சேர்த்து வைட்டமின் டி எடுக்கலாம் என 2024-ல் சர்வதேச ஹார்மோன் மருத்துவர்கள் சங்கமும் பரிந்துரைத்தது. ஆனால் நாமாக வாங்கிப் போடக் கூடாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் கூடி சிறுநீரகம் பாதிக்கப்படலாம். குறிப்பாக, வாரம் ஒன்று என டாக்டர்கள் எழுதித் தரும் 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போடுவது ஆபத்து. சிறுநீரகக் கல் இருந்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.