மூளை நொதி ஒன்றின் இருப்பிடமும் இடப்பொருள் உருபும்

‘இந்நொதி மூளையில் காணப்படுகிறது’ என்னும் தொடர் அறிவியல் மொழிபெயர்ப்புகளில் மிகுதியும் வழங்குகிறது. இலக்கண வழு ஏதும் இதில் இல்லை. ஆயினும் மூலம் தரும் செய்தியில் பெரும்பகுதி இதனால் மறைந்துவிடுகிறது. நரம்பியலில் ‘எங்கே’ என்பது மூளையின் எப்பகுதியில், எவ்வகை நரம்பணுவில், அந்நரம்பணுவின் எவ்விடத்தில் என மூன்று படிகளாக விரியும் வினா.

கால்சியம்–கால்மாடுலின் சார்ந்த புரதக் கைனேஸ் 2 என்னும் நொதியைச் சான்றாகக் கொள்ளலாம். நரம்பணுவினுள் கால்சியம் மிகும்போது தூண்டப்பெற்று, பிற புரதங்களின்மீது பாஸ்பேட்டை ஏற்றுவது இதன் தொழில். எரோண்டு, கென்னடி ஆகியோர் 1985இல் வெளியிட்ட அளவீட்டின்படி, எலியின் ஹிப்போகாம்பசில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு இந்நொதியே. ஒரு நொதிக்கு இது வியப்பூட்டும் அளவு. ஆதலின் இங்குக் ‘காணப்படுகிறது’ என்பதினும் ‘செறிந்துள்ளது’ என்பதே பொருந்தும்.

இந்நொதியின் துணையலகுகளுள் ஆல்பாவும் பீட்டாவும் முன்மூளையில் ஏறத்தாழ 3:1 எனவும், சிறுமூளையில் 1:4 எனவும் அமைகின்றன. முன்மூளையிலும் ஆல்பா கிளர்த்தும் நரம்பணுக்களுக்கே பெரிதும் உரியது. காபாவைச் சுரக்கும் தடுப்பு நரம்பணுக்களில் பெரும்பாலும் இல்லை. ஆல்பா நீக்கப்பெற்ற சுண்டெலிகள் இடமறியும் கற்றலில் பின்தங்கியதை 1992இல் சில்வா முதலியோர் காட்டினர். அதன் காரணத்தை ஆராயப் புகுவோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

மொழிபெயர்ப்பாளர் பெரிதும் இடறுவது மூன்றாம் படியில்தான். நரம்பிணைப்பில் செய்தி பெறும் பக்கத்துச் சவ்வின் உட்புறத்தை ஒட்டி ஒரு புரதத் திரட்சி உண்டு. இந்நொதி அங்கு மிகுதி. இதனைச் ‘சவ்வில் உள்ளது’ என்றால், ‘இல்’ உருபு உள்ளே, மேலே, ஒட்டி என்னும் மூன்றையும் ஒருங்கே குறித்து நிற்கும். ‘சவ்வின் உட்புறத்தை ஒட்டி’ என விரித்தல் தகும்.

எழுவாயை விடுவது இதனினும் இடர் தரும். ஆல்பாவின் தூது ஆர்.என்.ஏ. நரம்பணுவின் கிளைகளுக்கும் செல்கிறது. பீட்டாவின் தூது ஆர்.என்.ஏ. அணுவுடலிலேயே தங்குகிறது. பீட்டாப் புரதமோ கிளைகளிலும் உண்டு. ‘பீட்டா அணுவுடலில் மட்டும் உள்ளது’ எனச் சுருக்கினால் உண்மை பொய்யாகிவிடும். ‘வெளிப்படுகிறது’ என்னும் வினையும் மரபணுவுக்கே உரியது. புரதம் வெளிப்படுகிறது எனின், அது அணுவை விட்டு வெளியேறுகிறது எனப் படிப்பவர் கொள்ளக்கூடும். தமிழில் எழுவாய் தொக்கு நிற்றல் இயல்பே. எனினும் இத்தகைய இடங்களில் ‘தூது ஆர்.என்.ஏ.’, ‘புரதம்’ என்பவற்றைத் தொடர்தோறும் திரும்ப எழுதுவது கூறியது கூறல் ஆகாது.