“பையனோட போட்டோ கிடைச்சுதா?”: துக்க வீட்டில் உள்ளூர்ப் பத்திரிகை

இந்த எபிசோடை என்னோட சொந்தக் கதை ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன். சொல்றதுக்கு வெட்கமாத்தான் இருக்கு. ஆனா அதை மறைச்சு வச்சுக்கிட்டு பத்திரிகை தர்மம் பத்திப் பேசுனா நியாயமா இருக்காது.

காலேஜ் முடிச்சதும் ஒரு தினசரியோட மாவட்டப் பதிப்புல பயிற்சி நிருபரா சேர்ந்தேன். மூணாவது மாசம், கோயிலுக்குப் போன வேன் ஒண்ணு கவிழ்ந்து, ஒரே தெருவைச் சேர்ந்த நாலு பேர் இறந்துட்டாங்க. அதுல ஒருத்தன் எட்டாம் வகுப்புப் பையன். மத்தியானம் ஆபீஸ்ல இருந்து போன். “பையனோட போட்டோ கிடைச்சுதா? ஆறு மணிக்குள்ள வேணும்.”

வீட்டுக்குப் போனேன். எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. பாட்டி மட்டும் திண்ணையில. கையில நோட்டோட நின்ன என்னைப் பார்த்து, “தாலுகா ஆபீஸ்ல இருந்து வர்றீங்களா தம்பி? நிவாரணத்துக்கா?”ன்னு கேட்டாங்க. நான் ஆமாம்னு சொல்லல. இல்லைன்னும் சொல்லல. “போட்டோ ஒண்ணு வேணும் பாட்டி”ன்னு மட்டும் சொன்னேன். உள்ள போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தாங்க. ஸ்கூல் ஆண்டு விழாவுல பையன் கப்போட நிக்கிறான், பக்கத்துல அவங்க அப்பா.

மறுநாள் பையனோட முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டாங்க. பத்து நாள் கழிச்சு அந்த அப்பா போட்டோவைக் கேட்டு ஆபீஸ் வந்தார். தேடினேன், கிடைக்கல. கம்ப்யூட்டர்ல இருந்ததும் வெட்டின முகம் மட்டும்தான். அதையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டுப் போயிட்டார்.

அன்னைக்கு நான் பண்ணினது தப்புன்னு இன்னைக்கு நல்லாத் தெரியுது. ஆனா அந்த விபத்துச் செய்தியையே போட்டிருக்கக் கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. நாலு பேர் செத்திருக்காங்க. டிரைவர் எத்தனை மணி நேரமா ஓட்டினார், வேன்ல எத்தனை பேரை ஏத்துனாங்கன்னு ஊருக்குத் தெரியணும் இல்லையா? அப்போ, துக்கம் நடந்த ஊர்ல அந்த ஊர்ப் பத்திரிகை என்னதான் செய்யணும்?

இந்தக் கேள்வியை ரொம்பக் கொடூரமா சந்திச்ச ஒரு பத்திரிகை இருக்கு. அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல யுவால்டின்னு ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 15,000. அங்க வாரத்துக்கு ரெண்டு தடவை வர்ற பத்திரிகை ‘யுவால்டி லீடர்-நியூஸ்’. 2022 மே 24, செவ்வாய்க்கிழமை, அந்த ஊரோட ராப் தொடக்கப்பள்ளிக்குள்ள ஒருத்தன் துப்பாக்கியோட நுழைஞ்சான். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டாங்க. அந்தக் குழந்தைகள்ல ஒருத்தி, அதே பத்திரிகையில வேலை பார்த்த ஒரு நிருபரோட மகள்.

வியாழக்கிழமை பேப்பர் வரணும். வந்துச்சு. முதல் பக்கம் முழுக்கக் கருப்பு. தலைப்பு இல்லை, படம் இல்லை. வெள்ளை எழுத்துல தேதி மட்டும்: மே 24, 2022.

உலகம் முழுக்க அந்தப் பக்கத்தைப் பத்திப் பேசுனாங்க. ஒரு உள்ளூர்ப் பத்திரிகையால மட்டும்தான் அப்படிச் செய்ய முடியும்னு நான் நினைக்கிறேன். முதல் பக்கம்ங்கிறது தெரியாதவங்களுக்குச் சொல்றதுக்கு. யுவால்டியில தெரியாதவங்க யாரும் இல்லை. செத்த குழந்தையோட சித்தப்பாவோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோதான் அதை வாசிக்கப் போறாங்க. அவங்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் என்ன இருக்கு?

வெளியூர்ல இருந்து வந்த கேமராக்கள் கொஞ்ச நாள்ல கிளம்பிடும். உள்ளூர் எடிட்டர் கிளம்ப முடியாது. நாளைக்கு மளிகைக் கடையில அந்தக் குடும்பத்தை நேருக்கு நேர் பார்த்தாகணும். மனுஷனை ஒழுங்கா நடந்துக்க வைக்கிறதுக்கு, எழுதி வச்ச எந்தச் சட்டத்தையும் விட இது பலமானதுன்னு எனக்குத் தோணும்.

ஆனா கதை இதோட முடியல. மரியாதையா ஒதுங்கி நிக்கிறது மட்டுமே பத்திரிகை தர்மம்னா, அடுத்து நடந்தது வெளியே வந்திருக்காது.

போலீஸ் வேகமாச் செயல்பட்டதாலதான் பல உயிர் தப்பிச்சதுன்னு ஆரம்பத்துல மாநில ஆளுநரே சொன்னார். அங்க ஆளுநர்னா நம்ம முதலமைச்சர் மாதிரி, மக்கள் தேர்ந்தெடுக்கிற பதவி. அப்புறம் ஒவ்வொரு நாளும் கதை மாறிக்கிட்டே வந்துச்சு. கடைசியில தெரிஞ்சது என்னன்னா, போலீஸ் அந்த வகுப்பறைக்குள்ள நுழைய 77 நிமிஷம் ஆகியிருக்கு. அங்க வந்து சேர்ந்தவங்க மொத்தம் 376 பேர்னு சட்டமன்றக் குழு அறிக்கை சொல்லுச்சு. ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லிப் பல செய்தி நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு.

இதுக்கு நடுவுல, ஜூலை 12-ஆம் தேதி ஆஸ்டின் நகரத்து தினசரியான ‘ஆஸ்டின் அமெரிக்கன்-ஸ்டேட்ஸ்மன்’, பள்ளி நடைபாதை கேமராவுல பதிவான வீடியோவை வெளியிட்டுச்சு. போலீஸ்காரங்க நடைபாதையில காத்துக்கிட்டு நிக்கிறது அதுல அப்படியே தெரிஞ்சது. குழந்தைகளோட அலறல் சத்தத்தை நீக்கியிருந்தாங்க. ஓடித் தப்பிக்கிற ஒரு மாணவனோட அடையாளத்தை மறைச்சிருந்தாங்க. அவ்வளவு கவனமா இருந்தும் பெற்றோர்கள் கொதிச்சுப் போனாங்க. ஏன்னா, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அதிகாரிகள் குடும்பங்களுக்கு அந்த வீடியோவைக் காட்டறதா இருந்துச்சு. அவங்க பார்க்கிறதுக்கு முன்னாடி உலகமே பார்த்துடுச்சு.

யார் பக்கம் நியாயம்? நான் ரொம்ப நாள் யோசிச்சேன். வீடியோவை வெளியிட்டது சரின்னுதான் நினைக்கிறேன். பொய் சொன்னது அதிகாரத்துல இருக்கிறவங்க. அதை உடைக்க அந்த வீடியோவை விடப் பெரிய ஆதாரம் கிடையாது. ஆனா வெளியிட்ட வரிசை தப்பு. குடும்பங்கள் பார்க்கிற வரைக்கும் அஞ்சு நாள் பொறுத்திருந்தா உண்மை ஒண்ணும் அழிஞ்சு போயிருக்காது. பத்திரிகைக்கு ‘முதல்ல நாங்கதான்’ங்கிற பேர் மட்டும்தான் போயிருக்கும்.

இந்த ரெண்டு முடிவையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு வித்தியாசம் புரியும். ஒரு படம், தப்பு பண்ணினவங்களைக் கேள்வி கேட்குதா? இல்ல, அடிபட்டவங்களை வேடிக்கை பார்க்குதா? முதல் வகைக்குப் பொதுநலன் இருக்கு. ரெண்டாவது வகைக்குப் பரபரப்பு மட்டும்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து, 94 குழந்தைகள். அதுல ஊருக்குத் தெரிய வேண்டியது எது? கருகின உடம்பா? கிடையாது. பள்ளிக்கூடத்து மேல கீத்துக் கொட்டகை எப்படி வந்துச்சு, குழந்தைகள் ஏன் வெளியே வர முடியல, அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது யாரு. இந்தக் கேள்விகள்தான். தஞ்சாவூர் கோர்ட்டோட தீர்ப்பு 2014 ஜூலையிலதான் வந்துச்சு. பத்து வருஷம். முதல் நாள் ஓடி வர்றது சுலபம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் உட்கார்றதுதான் உள்ளூர் நிருபரோட நிஜமான வேலை.

விதிமுறை எதுவும் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. இந்தியப் பத்திரிகை கவுன்சிலோட நெறிமுறைகள்ல, ஒருத்தரோட தனிப்பட்ட துக்க நேரத்துல கேமராவோட நுழையறதைத் தவிர்க்கணும்னு தெளிவா இருக்கு. விபத்து, இயற்கைப் பேரிடர்ல பாதிக்கப்பட்டவங்களைப் படம் எடுக்கிறது பொதுநலனுக்காக இருக்கலாம்னும் அதே இடத்துல சொல்லியிருக்கு. ஆனா 1978-ஆம் வருஷச் சட்டப்படி கவுன்சிலால எச்சரிக்க, கண்டிக்க மட்டும்தான் முடியும். அபராதம் போட முடியாது. அதனால மீதிப் பொறுப்பு அந்த வீட்டு வாசல்ல நிக்கிற ஆள்கிட்டதான்.

இன்னொரு விஷயம், இது உங்களுக்கு நேரடியாத் தொடர்பு உள்ளது. 1996-ல ஸ்காட்லாந்துல டன்பிளேன்ங்கிற ஊர்ப் பள்ளியில 16 குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. தப்பிச்ச குழந்தைகளுக்கு அப்போ அஞ்சாறு வயசு. 2009-ல அவங்களுக்கு 18 வயசு ஆனதும், ஒரு பத்திரிகை அவங்களோட சோஷியல் மீடியா பக்கங்களுக்குள்ள போய், அவங்க குடிக்கிறதையும் கும்மாளம் போடறதையும் எடுத்து முதல் பக்கச் செய்தியாக்குச்சு. ஊரே கொந்தளிச்சது. பத்திரிகை மன்னிப்புக் கேட்டுச்சு. பிரிட்டனோட பத்திரிகைப் புகார் ஆணையமும் அது தப்புன்னு சொல்லிடுச்சு. அந்தப் பசங்க பண்ணினது எல்லாப் பதினெட்டு வயசுப் பசங்களும் பண்றதுதான். துக்கத்துல ஒருத்தரோட பேர் ஒருதடவை செய்தியில வந்துட்டா, வாழ்நாள் முழுக்க அவங்க நமக்குச் சொந்தம்னு நினைக்கிறோம். அது கிடையாது.

இப்போ நிருபர் மட்டும் இல்ல, போன் வச்சிருக்கிற நாம எல்லாருமே அந்தத் திண்ணை முன்னாடி நிக்கிறோம். ஒரு விபத்து வீடியோ வாட்ஸ்அப்ல வந்தா, ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இது யாரைக் கேள்வி கேட்குது? இதுல இருக்கிறவங்க வீட்டுக்குச் செய்தி போயிடுச்சா? ரெண்டாவதுக்குப் பதில் தெரியலைன்னா, அனுப்பாதீங்க. ஒரு அம்மாவுக்கு மகன் செத்த சேதி குரூப்ல வர்ற வீடியோ வழியா போய்ச் சேரக் கூடாது.

பத்திரிகை வேலைக்குப் போகணும்னு நினைக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. துக்க வீட்டுக்குப் போனா, முதல் வார்த்தையே நீங்க யாரு, எந்தப் பத்திரிகைங்கிறதா இருக்கட்டும். “வேண்டாம்”னு சொன்னா திரும்பி வந்துடுங்க. போட்டோ கொடுத்தா, அங்கேயே போன்ல படம் எடுத்துக்கிட்டு அவங்க கையிலேயே திருப்பிக் கொடுத்துடுங்க. ஆபீஸ்ல திட்டு விழும். விழட்டும். அன்னைக்கு “நான் பேப்பர்ல இருந்து வர்றேன் பாட்டி”ன்னு நான் சொல்லியிருந்தாலும், அவங்க ஒருவேளை அந்தப் போட்டோவைக் கொடுத்திருப்பாங்க. பேரன் பேர் பேப்பர்ல வரட்டும்னு நினைச்சிருக்கலாம். நான் கேட்டிருந்தாதானே தெரியும்.

உங்க ஊர்ல இப்படி ஒரு துக்கம் நடந்தப்போ பத்திரிகைக்காரங்க எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு எழுதுங்க. நல்லபடியா நடந்துக்கிட்டவங்களைப் பத்தியும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.