வள்ளத்தருகே வரும் கடற்சிங்கம்

தூண்டிலிற் பட்ட மீன் கைக்கு வந்து சேரும்வரை மீனவனுக்குச் சொந்தமன்று. எக்கடலுக்கும் பொருந்தும் இவ்வுண்மையைக் கலிபோர்னியாவின் தென்கரையோரத்து மீனவருக்கு அடிக்கடி நினைவூட்டுவது கடற்சிங்கம் என்னும் விலங்கு.

சான் டியேகோ நகரைச் சார்ந்த லா ஹோயாக் கரையிலிருந்து விடியற்காலையிலே சிறு துடுப்பு வள்ளங்கள் புறப்படுவதுண்டு. கயாக் எனப்படும் இவ்வள்ளம் பெரும்பாலும் ஒருவர் மட்டும் அமரத்தக்கது, பிளாஸ்டிக்கினால் வார்க்கப்பட்டது. அமர்ந்திருப்பவர் கையை நீட்டினால் கடல்நீரைத் தொடலாம், அவ்வளவு தாழ்வானது. உயிருள்ள கானாங்கெளுத்தியைத் தூண்டிலிற் கொளுவி, பாரை இனத்தைச் சேர்ந்த மஞ்சள்வால் மீனை நாடி இவர்கள் செல்கின்றனர். அதே மீனையும், சில வேளைகளில் அந்தக் கானாங்கெளுத்தியையும் நாடிக் கடற்சிங்கமும் வருகின்றது.

இலங்கைக் கடல்கள் இவ்விலங்குகளின் வாழிடமல்லவாதலால், கடற்சிங்கத்துக்கும் கடல்நாய்க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிது கூறுதல் பொருந்தும். கடற்சிங்கத்துக்கு வெளியே தெரியும் சிறு காதுமடல்கள் உண்டு. பின் துடுப்புக்களை உடலின் கீழே மடித்துப் பாறைமீது நடக்கவும் ஏறவும் அதனால் முடியும். வளர்ந்த ஆண் விலங்கு 350 கிலோகிராம் வரை நிறையுள்ளது. பெண் 100 கிலோகிராம் அளவினது. அக்கரையிற் காணப்படும் புள்ளிக் கடல்நாய்க்குக் காதுமடல் இல்லை. தரையில் அது வயிற்றால் ஊர்ந்தே செல்லும். பொதுவாக அது கூச்சமுடையது. தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு அமிழ்ந்துவிடும். வள்ளத்தின் பக்கத்திலேயே வந்து நின்று, பிடிபட்ட மீனைப் பறிப்பது பெரும்பாலும் கடற்சிங்கமே.

இத்துணிவு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் மனிதனைக் கண்டால் அஞ்சுவதற்கு இவ்விலங்குக்குப் போதிய காரணம் இருந்தது. எண்ணெய்க்காகவும் தோலுக்காகவும் அதனைக் கொன்றனர். மீனுக்குப் போட்டியாளன் என்று கருதியும் சுட்டனர். 1972ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கடல்வாழ் பாலூட்டிகளைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1975இல் 90,000க்கும் குறைவாக மதிப்பிடப்பட்ட கலிபோர்னியக் கடற்சிங்கங்களின் தொகை 2008இல் 2,80,000ஐத் தாண்டியது. துப்பாக்கியை அறியாத தலைமுறைகள் பல பிறந்து வளர்ந்துவிட்டன. அச்சமின்மை மட்டும் அதனை வள்ளத்தருகே கொண்டுவருவதில்லை. துறைமுகங்களிலே மீனைத் துப்புரவு செய்வோர் எறியும் குடலும் தலையும், வேடிக்கைக்காக வீசப்படும் சிறுமீனும், தூண்டிலில் அகப்பட்டு ஓட முடியாது தவிக்கும் பெருமீனும் அதற்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே: மனிதன் இருக்குமிடத்தில் உழைப்பின்றி உணவு கிடைக்கும். இப்பாடத்தைக் கற்பித்தவர்களே பின்னர் மாணவனைக் குறைகூறுகின்றனர்!

2015ஆம் ஆண்டு சான் டியேகோவின் மிஷன் விரிகுடாவிலே, தாம் பிடித்த மஞ்சள்வால் மீனைப் படகின் ஓரத்தில் ஏந்தியவாறு ஒருவர் புகைப்படத்துக்கு நின்றார். நீரிலிருந்து பாய்ந்த கடற்சிங்கம் மீனோடு அவரையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது. காயங்களுடன் அவர் உயிர் தப்பினார். கயாக்கிலும் தாழ்வில்லாத படகிலே நிகழ்ந்தது இது. விலங்கு மனிதனை விரும்பித் தாக்கவில்லை. அது குறிவைத்தது மீனையே. ஆயினும் மீனைப் பற்றிய கைக்கும் மீனுக்கும் இடையே அது வேற்றுமை பாராட்டுவதில்லை.

வலிமையைக் காட்டி விரட்டிவிடலாமே என்று எண்ணுவோர், சியாற்றில் நகரத்து பலார்ட் நீர்க்கதவுகளின் கதையை அறிதல் நன்று. 1980களில் அங்கே முட்டையிடுவதற்காக ஆறேறி வந்த ஸ்டீல்ஹெட் மீன்களைக் கடற்சிங்கங்கள் வாயிலிலேயே காத்திருந்து தின்றன. நீருக்கடியில் வெடி வெடித்தனர், ஒலியெழுப்பிப் பார்த்தனர், சிலவற்றைப் பிடித்துத் தொலைவிலுள்ள கடலிலே விட்டனர். விடப்பட்டவற்றுட் சில, வாரங்கள் சில கழியுமுன்னே நீந்தித் திரும்பின. 1996இல் கொலைத்திமிங்கிலத்தின் உருவத்தைக் கண்ணாடி இழையாற் செய்து நீரில் மிதக்கவும் விட்டனர். அதையும் அவை பொருட்படுத்தவில்லை. இறுதியில் மூன்று விலங்குகளைப் பிடித்துத் தூரத்துக் காட்சிச்சாலைக்கு அனுப்ப நேர்ந்தது. அதற்குள் ஆறேறும் மீன்களோ நூற்றுக்கும் குறைந்துவிட்டன.

ஓர் அரசு இத்தனை கருவிகளோடும் சாதிக்க முடியாததைத் துடுப்பொன்றைக் கையில் வைத்திருக்கும் தனிமனிதன் சாதிக்க முயல்வது வீண். சட்டமும் அதற்கு இடமளிப்பதில்லை. மீனவன் தன் தூண்டிலையும் பிடித்த மீனையும் காக்கும்பொருட்டு, கொல்லாமலும் கடுங்காயம் விளைவிக்காமலும் விலங்கை விலக்க முயலலாம் என்று 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கின்றது. வள்ளத்தின் பக்கத்தைத் தட்டி ஓசையெழுப்புவது அதில் அடங்கும். துடுப்பால் தலையிலடிப்பது அடங்காது. அடித்தால் முதலிற் கவிழ்வதும் அடித்தவனே. உணவளிப்பதோ முற்றாகத் தடை செய்யப்பட்டது.

ஆகவே அனுபவமுள்ள கயாக் மீனவர் கடற்சிங்கத்தை வெல்ல முயல்வதில்லை. அதற்குக் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கின்றனர். விலங்கு ஒருமுறை தலைகாட்டினாற் போதும், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அவ்விடத்தை விட்டுத் துடுப்பு வலிக்கின்றனர். ஏற்கெனவே மீன் பறித்துப் பழகிய விலங்கு பின்தொடரும். அப்போது சிறிது நேரம் தூண்டில் போடாதிருந்தால் அது சலித்து வேறோரிடம் செல்லக்கூடும். மெல்லிய நூலில் மீனை நெடுநேரம் விளையாட விடுவது ஓய்வுநாள் இன்பமாகலாம். கடற்சிங்கம் உலாவுமிடத்தில் தடித்த நூலால் விரைவாக இழுத்தெடுப்பதே தக்கது. பிடித்த மீன்களைக் கயிற்றிற் கோத்து வள்ளத்தின் பக்கத்திலே நீரில் தொங்கவிடும் வழக்கம் அறவே விடத்தக்கது. மீனை உடனே உள்ளே எடுத்து மூடிய பையிலோ வள்ளத்தின் அறையிலோ வைத்தல் வேண்டும். காலையும் நீரில் தொங்கவிடலாகாது.

இத்தனைக்குப் பின்னரும் விலங்கு மீனைக் கவ்விவிட்டால், அம்மீன் போனது போனதுதான். 350 கிலோகிராம் நிறையுள்ள விலங்கோடு இழுபறி செய்வதால் வள்ளம் கவிழும். நூல் கையிற் சுற்றியிருந்தால் விரலும் அறுபடும். இதற்காகவே எட்டும் இடத்திற் கட்டப்பட்ட கத்தி ஒன்று வேண்டும். நூலை வாய்க்கு இயன்றவரை அருகில் அறுத்துவிடுதல் விலங்குக்கும் நன்று. நீண்ட நூல் அதன் கழுத்திற் சுற்றினால் நாளடைவில் தசையை அறுத்துவிடும்.

மீனை நாடாது வரும் விலங்கும் உண்டு; அதுவே அதிக அபாயமானது. கடலிலுள்ள சில நுண்பாசிகள் பெருகும்போது டொமோயிக் அமிலம் என்னும் நஞ்சு உண்டாகின்றது. நெத்தலி, சாளை முதலியவற்றின் மூலம் அது கடற்சிங்கத்தின் மூளையைத் தாக்குகின்றது. 2023இலும் 2025இலும் தென் கலிபோர்னியக் கரையில் ஏராளமான கடற்சிங்கங்கள் இந்நஞ்சினால் நோயுற்றன. 2025இல் நீந்துவோரும் அலைச்சறுக்குவோரும் தாக்கப்பட்ட செய்திகளும் வந்தன. தலையை இடைவிடாது ஆட்டுவதும், உடல் வலிப்பதும், காரணமின்றி மனிதனை நோக்கி வருவதும் இந்நோயின் அறிகுறிகள். அத்தகைய விலங்கு ஓசைக்கும் அஞ்சாது, மீனைக் கொடுத்தாலும் போகாது. அதனைக் கண்ட மீனவன் தூண்டிலைப் பற்றி நினையாது நேரே கரைக்குத் திரும்பி, கடல் விலங்குகளை மீட்கும் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும்.