வில்லி லோமன் வீட்டில் யார் யார் எதைக் குறிக்கிறார்கள்?

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' 1949-ல் நியூயார்க்கில் மேடையேறிய நாடகம். படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனசுல வெச்சுக்கோங்க: ஒரு மனுஷனோட மதிப்பை எதை வெச்சு அளக்கிறது? ஒவ்வொரு பாத்திரமும் அதுக்கு ஒரு பதில்.

63 வயசு விற்பனையாளர் வில்லி, அமெரிக்கக் கனவின் அடையாளம். எல்லாருக்கும் நம்மைப் பிடிச்சிருந்தா ஜெயிச்சிடலாம்னு நம்புறவர். அவரோட அண்ணன் பென், அந்தக் கனவின் குறுக்குவழி: 17 வயசுல காட்டுக்குள்ள போய், 21-ல பணக்காரனா வெளியே வந்தவர். முதலாளி ஹவர்டு, லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் வியாபார உலகம். 30 வருஷத்துக்கு மேல உழைச்ச வில்லியை வேலையிலிருந்து தூக்கிடுறார். மூத்த மகன் பிஃப், வீட்டில் யாரும் கேட்க விரும்பாத உண்மை. இளையவன் ஹேப்பி, அப்பாவோட பொய்க்கு வாரிசு.

பக்கத்து வீட்டு சார்லியும் அவர் மகன் பெர்னார்டும் அமைதியா வேலையைப் பார்க்கிறவங்க. பெர்னார்டு சுப்ரீம் கோர்ட்டில் வாதாடப் போறான். அதைப் பெருமையா சொல்லிக்கக்கூட இல்லை. சார்லி வேலை தர்றேன்னு சொல்லியும் வில்லி ஏத்துக்கலை. கடன் மட்டும் வாங்கிக்கிறார். சரியான பதில் பக்கத்து வீட்டிலேயே இருந்தும் அவருக்குக் கௌரவம்தான் தடை.

கடைசியில், 20,000 டாலர் இன்சூரன்ஸ் பணம் பிஃப்புக்குக் கிடைக்கட்டும்னு உயிரையே விடுறார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிட்டு, மனைவி லிண்டா கல்லறை முன்னாடி நிக்கிறாள். எல்லாருக்கும் பிடிச்சவர்னு நினைச்ச மனுஷனுக்கு, குடும்பத்தைத் தவிர வந்தது சார்லியும் பெர்னார்டும் மட்டும்தான்.