பதிப்புக்குப் பதிப்பு மாறியது எது?

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துவைத்தல் தமிழ்ப் பதிப்பாசிரியர் பேணிய நெறியாகும். 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் இதற்கென உழைத்த உழைப்பைத் தமிழுலகம் அறியும். கணிப்பொறி மென்பொருளுக்கும் இத்தகைய பணி தேவைப்படுகிறது.

ஆம்ஸ்டர்டாம் நகரில் டிக் குரூன் என்பார் 1986 இல் வெளியிட்ட சி.வி.எஸ். என்னும் அமைப்பு இப்பணிக்கு நெடுங்காலம் பயன்பட்டது. கோப்பொன்று திருத்தப்பெறுந்தோறும் 1.1, 1.2 என எண் ஏறும். திருத்தியவர் பெயரும் நாளும், அவர் எழுதிய காரணமும் உடன் பதிவாகும். ஆயினும் இவ்வெண் கோப்புதோறும் வேறுபடும். ஒன்று 1.4 இல் நிற்க, மற்றொன்று 1.37 ஐ எட்டியிருக்கலாம். எனவே, வெளியிட்ட பதிப்பு எதுவென எண்ணைக் கொண்டு மட்டும் கூறவியலாது.

இக்குறையைப் போக்குவது 'டேக்' என்னும் அடையாளப் பெயர். வெளியீட்டு நாளில் எல்லாக் கோப்புகளின் அன்றைய நிலைக்கும் ஒரே பெயரைச் சூட்டுவர். பின்னர் இரு வெளியீடுகளின் பெயர்களைத் தந்து 'டிஃப்' கட்டளையிட்டால், இடையில் மாறிய வரிகள் மட்டும் தோன்றும். 'லாக்' கட்டளை அவற்றின் காரணங்களைக் காட்டும். பெயர் சூட்ட மறந்தாலோ, நாளைக் கொண்டு தேட நேரும். அது ஏறத்தாழத்தான் பொருந்தும்.

இதனால் தமிழுக்கு என்ன பயன் என வினவலாம். ஜெர்மனியில் 1996 இல் தொடங்கப்பெற்ற கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருள் 2005 வரை சி.வி.எஸ். அமைப்பிலேயே காக்கப்பட்டது. அதன் தமிழாக்கமும் அங்கேயே இருந்தது. ஆங்கிலத் தொடருக்கு நேராகத் தமிழ்த் தொடர் எழுதுவதே அங்குள்ள முறை. புதிய வெளியீட்டில் ஆங்கிலத் தொடர் சிறிது மாறினும், பழைய தமிழ்த் தொடர் 'ஃபஸி' என்னும் ஐயக்குறி பெறும். மொழிபெயர்ப்பாளர் அதனைச் சரிபார்க்கும்வரை திரையில் தமிழ் மறைந்து ஆங்கிலமே தோன்றும். ஒருமுறை மொழிபெயர்த்துவிட்டோம் என அமைந்திருந்தால் வெளியீடுதோறும் தமிழ் தேய்ந்துகொண்டே போகும். மாறியது எது என அறிந்தவரே, எல்லாவற்றையும் மீண்டும் படிக்காமல் வேண்டியதை மட்டும் திருத்தவல்லார்.

2005 இல் கே.டி.இ. சப்வெர்ஷன் அமைப்புக்கு மாறியது. அதில் களஞ்சியம் முழுமைக்கும் ஒரே எண் வழங்குவதால் பழைய இடர் குறைந்தது. எனினும், மாற்றத்தின் காரணத்தை எழுதிவைக்கும் கடமை எக்கருவியாலும் நீங்கவில்லை. 'திருத்தினேன்' என்ற ஒற்றைச் சொல் பின்வருவோர்க்கு உதவாது. எதை, ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதுதல் வேண்டும். மென்பொருள் எழுதும் மாணவரும், நூல் பதிப்பிக்கும் தமிழாசிரியரும் ஒருங்கே கைக்கொள்ளத்தக்க நெறி இதுவாகும்.