அந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள்?

நாட்டையே உலுக்கிய துயரச் செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தோம், யார் சொன்னார்கள் என்பது பலருக்கு ஆயுசுக்கும் மறப்பதில்லை. இதற்கு 'ஃபிளாஷ்பல்ப் நினைவு' என்று 1977-இல் பெயரிட்டவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக். 40 வெள்ளையர்களையும் 40 கறுப்பினத்தவரையும் அவர்கள் விசாரித்தனர். 1963-இல் அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தி எட்டிய கணம், ஒருவரைத் தவிர அனைவருக்கும் நினைவிருந்தது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியோ கறுப்பினத்தவரில் 30 பேருக்கும் வெள்ளையர்களில் 13 பேருக்கும்தான் அப்படிப் பதிந்திருந்தது. யாருடைய சாவைத் தங்கள் வீட்டுச் சாவாக உணர்ந்தார்களோ, அந்தச் செய்தியே மனத்தில் தங்கியது.

ஆழப் பதிந்தது அப்படியே நிலைக்குமா? 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73-ஆம் விநாடியில் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட ஏழு பேர் இறந்தனர். செய்தி எப்படித் தெரிந்தது என்று எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் மறுநாள் காலையே எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். இரண்டு விடைகளும் முழுதும் பொருந்தினால் 7 மதிப்பெண். சராசரியோ 3-ஐக்கூடத் தொடவில்லை.

ஒருவர் முதலில் எழுதியது இது: வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசிக்கொண்டார்கள்; பிறகுதான் அறைக்குப் போய் டிவி பார்த்தேன். பின்னால் எழுதியது: விடுதி அறையில் டிவி பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. பழைய தாளைச் சொந்தக் கையெழுத்தில் பார்த்த பிறகும் மாணவர்களுக்கு முதல் நினைவு திரும்பவில்லை.

திரும்பத் திரும்பப் பார்த்த டிவி காட்சி, முதலில் காதில் விழுந்த செய்தியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாலு பேரிடம் சொல்லச் சொல்ல அந்த வடிவமே இறுகுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு, இந்த நினைவும் அன்றாட நினைவைப் போலவே தேய்வதைக் காட்டியது. குறையாமல் நின்றது, 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது' என்ற உறுதி மட்டுமே. அதே தாக்குதலைப் பத்தாண்டு பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வில், மறதி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே நேர்ந்திருந்தது. அப்போது புகுந்த பிழைகள் பிறகும் தொடர்ந்தன.

மாறிச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் பட்ட துக்கம் உண்மையானது. ஆனால் வாய்மொழி வரலாறு திரட்டுவோருக்கும் சாட்சியம் கேட்போருக்கும், சொல்பவரின் உறுதி போதிய சான்றாகாது. நடந்த சில நாட்களுக்குள், தேதியிட்டு எழுதிவைத்த குறிப்பே நம்பத்தகுந்தது.